மத்தபடி கொர்னேலியஸ்

மனிதர்களில் மத்தபடிக்காரர் என்று ஒரு வகை உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீடு, துக்க வீடு, ஆஸ்பத்திரி வராந்தா, ரயில் பெட்டி என்று எங்கே போனாலும் இவர்களிடமிருந்து தப்ப முடியாது. உடம்பில் ஒரு குறையுள்ள ஆளைக் கண்டால் போதும், இவர்களுடைய கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பும், தலை ஒருபக்கமாகச் சாயும், நாக்கு 'த்சு த்சு' என்று கொட்டும், பிறகு அந்த ஆளை அங்கேயே விட்டுவிட்டு அவரோடு வந்தவரை ஓரமாக அழைத்துப்போய், எப்போதிலிருந்து இப்படி, எந்த டாக்டர், என்ன எண்ணெய், எங்கே ஜெபம் பண்ணினீர்கள் என்று ஆதியோடந்தமாக விசாரித்து முடித்து, கடைசியில் அக்கம்பக்கம் பார்த்து, குரலை இறக்கி, புருவத்தை ஏற்றி ஒரு கேள்வி கேட்பார்கள்: "மத்தபடி எல்லாம்...?"

அவ்வளவுதான் கேள்வி. மீதியை நீங்களே பூர்த்தி செய்துகொள்ள வேண்டும். அந்த 'மத்தபடி'க்குள் கக்கூஸ் இருக்கிறது, மாதவிலக்கு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, பிள்ளைப்பேறு இருக்கிறது. ஒன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். விஷயம் தெரிந்தும் ஆகவேண்டும், வாயால் சொல்லவும் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

கோலார் தங்கவயலில், பாலகாட் பக்கம், இந்த வகையின் தலைசிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் கொர்னேலியஸ். மைன்ஸ், அதாவது தங்கச் சுரங்கம், ஓடிய காலத்தில் ஆள் வருகை குறிக்கும் டைம் ஆபீஸில் கிளார்க். மைன்ஸ் மூடிய பிறகு ஊரோடு சேர்ந்து அவரும் பெங்களூருக்கு ரயிலேறி, ஒரு கிடங்கில் மேற்பார்வை பார்த்து, முடி நரைத்ததும் இறங்கிக்கொண்டார். இப்போது வீட்டோடு இருக்கிறார். வீட்டோடு என்றால் வீட்டில் அல்ல, சபைக் கமிட்டியில்.

கெட்டவரா? இல்லவே இல்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் நாற்காலியைத் தூக்கிவந்து போடுகிறவர் அவர்தான். அவருக்குள்ள நோய் ஒன்றே ஒன்று. மனிதர்களுக்குக் கழுத்துக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்பதை அவர் ரகசியமாக மட்டுமே ஒப்புக்கொள்வார். அந்த ரகசியத்தை விசாரிக்கும் பொறுப்பையும் ஆண்டவர் தன்னிடமே ஒப்படைத்திருப்பதாக நம்பினார்.

அதே சபையில் லவினா என்று ஒரு பெண். முப்பது வயது. பத்தொன்பது வயதில் பங்காருபேட்டை ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலி. பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை. சில நாள் மாரிகுப்பம் ரயிலில் போய் வருவாள், சில நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். கம்பெனியில் எட்டுப் பேரை மேய்க்கிறவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே எல்லாருக்கும் டீ கொடுக்கும்போது, கொர்னேலியஸ் அவளைத் தாண்டி நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் அவளுடைய அம்மாவைத்தான் கேட்பார்.

"அதுக்கு டீ குடுக்கலாமா?"

"எனக்கு வேணாம் அங்கிள்" என்பாள் லவினா.

"வேணாமாம்" என்று அவள் அம்மாவுக்கே மொழிபெயர்த்துச் சொல்வார் கொர்னேலியஸ்.

ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டதில்லை. நான் சொல்கிறேன். சர்ச் கக்கூஸுக்கு ஏறப் படி இருக்கிறது, சரிவு இல்லை. கதவுக்குள் நாற்காலி நுழையாது. லவினா கமிட்டிக்கு இதைச் சொல்லி, கமிட்டியும் பெரிய மனசு பண்ணி, வேலையை கொர்னேலியஸிடம் ஒப்படைத்தது. அவர் கொத்தனார் கோவிந்தனை வரவழைத்தார்.

"எங்க சார் கட்டணும்?"

"பின்னாடி. அந்தப் பொண்ணு போறதுக்கு."

"பின்னாடி எங்க சார்?"

"அதாம்பா. எல்லாரும் போய்த்தான ஆவணும், அந்த எடம்."

"எந்த எடம்னு சொன்னா..."

"எல்லாத்தையும் வாய் விட்டு சொல்லுவாங்களா? சர்ச்சுப்பா இது. போயி கட்டு."

கோவிந்தன் பின்பக்கம் போய் நன்றாக யோசித்திருக்கிறார். எல்லாரும் போய்த்தான் ஆகவேண்டிய இடம். சவப்பெட்டி வைத்துத் தள்ளும் வண்டி நிற்கிற கொட்டகைக்கு அருமையான சரிவு ஒன்று கட்டிக் கொடுத்துவிட்டார். வழுக்காமல் இருக்கக் கோடு வேறு போட்டிருந்தார். கமிட்டி வந்து பார்த்தது, கொர்னேலியஸைப் பார்த்தது, கணக்கை முடித்தது. கக்கூஸ் படி அப்படியே இருக்கிறது. அதனால் லவினா ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. ஆராதனை, அறிவிப்புகள், காணிக்கை, கொர்னேலியஸின் நன்றியுரை எல்லாம் முடிந்து வீடு போய்ச் சேரும்வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். இதை எழுதும்போது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. ஆனால் கொர்னேலியஸுக்கு இது தெரியவே தெரியாது. யாராவது சொல்ல வந்தால், "புரியுது, புரியுது" என்று கையை உயர்த்திவிடுவார்.

இப்படி இருக்கையில்தான் ஓலை வந்தது.

கிறிஸ்தவக் கல்யாண வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபையில் வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். இதில் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லலாம் என்பார் போதகர். யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் அந்த நேரத்தில் பிரியாணியா சாப்பாடா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு வாசித்த ஓலை லவினாவுக்கும் ஜோஸுக்கும். ஜோஸ் பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். நல்ல உயரம், நல்ல நடை. அதுதான் கொர்னேலியஸுக்குச் சிக்கல். வெளியே வந்ததும் வராததுமாக ஜோஸின் தோளில் கை போட்டு, செருப்பு விடும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

"பெரிய மனசுப்பா உனுக்கு."

"எதுக்கு அங்கிள்?"

"அந்தப் பொண்ணுக்கு வாழ்க்க குடுக்கற இல்ல."

"நான் எங்க குடுத்தேன்? ரயில்ல ரெண்டு வருஷம் பின்னாலயே சுத்தி நான்தான் கேட்டேன். அப்புறமாதான் சரின்னா."

"அது சரி. மத்தபடி எல்லாம்...?"

"எல்லாம்னா?"

"எல்லாம்தாம்பா."

"மண்டபம் சொல்லியாச்சி அங்கிள். பிரியாணிக்கும் ஆள் சொல்லியாச்சி."

கொர்னேலியஸ் பெருமூச்சு விட்டார். பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

அவருடைய கவலையைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள், அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. மைன்ஸில் டாக்டர் பார்த்து ஃபிட் என்று எழுதாமல் ஒரு ஆளைக் கேஜில், அதாவது சுரங்கத்து லிஃப்டில், ஏற்றிக் கீழே இறக்க மாட்டார்கள். அடிபட்டவனுக்கு மேலேயே லைட் டூட்டி. அப்படி எத்தனையோ பேருக்கு லைட் டூட்டி குறித்த கை அவருடையது. ஒருவனை உயிரோடு வைத்திருந்த விதியல்லவா? அதைக் கல்யாணத்துக்கும் பொருத்திப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்துவதாக அவருக்குத் தோன்றியது.

"சண்டே ஸ்கூல்ல பாட்டு சொல்லிக் குடுக்கட்டும், வேணான்னு சொல்லல. அது லைட் டூட்டி" என்றார், அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த மனைவி சரோஜம்மாவிடம். "கல்யாணம்ன்றது அண்டர்கிரவுண்ட் வேல. ஃபிட் இல்லாத ஆள எறக்கிட்டு, நாளைக்கி ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சின்னா யாரு பொறுப்பு?"

"இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்னா... ஒண்ணும் ஆவாது. அதான் பிரச்சின."

சரோஜம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரைக்காய்க்கே திரும்பிவிட்டார்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மறுநாள் கொர்னேலியஸ் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போதகர் ஜெயகரனின் அறைக்குப் போனார். போதகர் நாற்பது வயதுக்காரர், பொறுமைசாலி.

"ஐயா, அந்த ஓலைல தடை கீது."

போதகர் நிமிர்ந்தார். "ஜோஸுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்குதா?"

"சேச்சே."

"நெருங்கின சொந்தமா?"

"இல்லீங்க ஐயா."

"வீட்ல கட்டாயப்படுத்தறாங்களா?"

"அதெல்லாம் இல்ல. இது வேற." கொர்னேலியஸ் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு மோவாயால் கீழே காட்டினார். போதகர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"அந்தப் பொண்ணால... ஒரு மனைவியா... மத்தபடி..." என்றார் கொர்னேலியஸ்.

போதகருக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு அங்கேயே இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பத்தான் ஆசை. ஆனால் தடை என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டால் இரண்டு தரப்பையும் வைத்து விசாரிக்க வேண்டும், அதுவரை மூன்றாம் ஓலை வாசிக்கக் கூடாது என்பது அந்தச் சபையின் ஏற்பாடு. மூன்றாம் ஓலை இல்லையென்றால், அதை அடுத்து வரும் வியாழக்கிழமைக்குக் குறித்திருந்த தாலி இல்லை. மண்டபம், பிரியாணி, ரயிலில் பின்னாலேயே சுற்றிய இரண்டு வருஷம், எல்லாம் கொர்னேலியஸின் மோவாயில் வந்து நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் சபை ஹாலில் கமிட்டி கூடியது. ஒரு பக்கம் லவினா, அவள் அம்மா, ஜோஸ். எதிரே கமிட்டிப் பெரியவர்கள். பெண்கள் சங்கத்தின் சார்பில் டீ கொண்டுவந்த சரோஜம்மா தட்டோடு ஓரமாக நின்றார். ஜோஸின் முகம் வெளுத்திருந்தது. லவினா நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க அண்ணா, இன்னா தடை?" என்றார் போதகர்.

கொர்னேலியஸ் எழுந்தார். அவர் வாழ்நாளில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறார், நன்றியுரை என்றால் நாற்பது நிமிஷம் மூச்சு விடாமல் பேசுவார், ஆனால் அன்றைக்கு அவருடைய சரக்கு முழுவதும் காதோடு சொல்லவேண்டிய சரக்காக இருந்தது, சுற்றிலும் இருந்ததோ பதினாறு காது. "தாம்பத்தியம்னா அதுல ஒரு இது கீது" என்று தொடங்கினார். "அந்த இது இல்லன்னா அது இதுவா இருக்காது. இதுக்கு அது... அதாவது, இந்தப் பொண்ணுக்கு அந்த இது..." ஜோஸைப் பார்த்தார். லவினாவின் அம்மாவைப் பார்த்தார். இருவரும் உதவிக்கு வரவில்லை.

"என்னப் பாத்து கேளுங்க அங்கிள்" என்றாள் லவினா.

அவர் சக்கரத்தைப் பார்த்தார்.

"சரி, நானே கேட்டுக்கறேன். நீங்க சொல்ல வர்றது உடலுறவு. எங்களால முடியுமா, கொழந்த பொறக்குமா. அதானே?"

யாரோ ஒருவருக்கு இருமல் வந்து, வந்த வழியே திரும்பிப் போனது.

"முடியும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று லவினா சாதாரணமாகச் சொன்னாள், ரயில் நேரம் சொல்கிற மாதிரி. "எனக்கு இடுப்புக்குக் கீழ தொட்டா சரியா தெரியாது. அதனால மத்தவங்களுக்கு மாதிரியே இருக்காது, வேற மாதிரி இருக்கும். எப்படின்னு நானும் ஜோஸும் ஒண்ணா ஒக்காந்துதான் டாக்டர்கிட்ட கேட்டோம். ஜோஸுக்கு வேர்த்துக் கொட்டிச்சி. எனக்கு ஒண்ணும் இல்ல. மாசா மாசம் பீரியட்ஸ் வருது, கொழந்த பொறக்கலாம். வேணுமா வேணாமான்னு நாங்க இன்னும் முடிவு பண்ணல. அப்புறம், நான் டியூப் வெச்சிதான் ஒண்ணுக்குப் போறேன். அத நானே வெச்சிக்குவேன், ஜோஸ் ஒண்ணும் தியாகம் பண்ண வேணாம். ஆனா அதுக்கு ஒரு கக்கூஸ் வேணும். நீங்க கட்டன சரிவுல ஏறிப் போனா பொட்டி வண்டிதான் நிக்கிது. அதனாலதான் ஞாயித்துக்கெழம உங்க டீய நான் குடிக்கறதே இல்ல."

அவள் குரல் அந்த இடத்தில்தான் கொஞ்சம் உடைந்தது. கட்டிலைப் பற்றிச் சொன்னபோது உடையாத குரல்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "இந்த வருஷம் எத்தனையோ ஓல வாசிச்சீங்க. மத்த யாரையாவது கூப்ட்டு ஒக்கார வெச்சி இத கேட்டீங்களா?"

"அவங்கல்லாம் ஃபிட்டாச்சே மா" என்றார் கொர்னேலியஸ். பாவம், அதை அவர் நிஜமாகவே நம்பிச் சொன்னார்.

"அவங்களுக்கு ஃபிட்டு போட்டது யாரு?"

கேட்டது லவினா அல்ல. சரோஜம்மா. டீத் தட்டைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, நானும் ஒண்ணு சொல்றேன். இவருக்கு சக்கர வியாதி வந்ததுலேர்ந்து எங்க வீட்ல இவரு கேக்கற அந்த மத்தபடி ஒண்ணும் கெடையாது. டாக்டர்கிட்ட சொல்லுங்க, சொல்லுங்கன்னு நானும் சொல்லிகினே கீறேன். இவரு போயி பாதம் எரியுதுன்னு சொல்லி களிம்பு வாங்கினு வந்துடறாரு. வீட்ல எத்தினி களிம்பு ஐயா சேந்து போச்சி. இப்ப எங்க கல்யாணம் செல்லுமா, செல்லாதா? செல்லாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் பொட்டிய கட்டிகினு எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன்."

லவினாவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கமிட்டியில் ஒருவரும் சிரிக்கவில்லை. கமிட்டியில் முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை.

"அண்ணா, தடை இன்னும் இருக்குதா?" என்று கேட்டார் போதகர்.

"இல்லீங்க ஐயா" என்றார் கொர்னேலியஸ். அந்த இரண்டு வார்த்தையையும் போதகரின் காலரைப் பார்த்துச் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. ஆனால் அவருடைய தண்டனை அப்போதுதான் ஆரம்பித்தது. கமிட்டிப் பெரியவர் ஒருவர் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார், கொர்னேலியஸைத் தாண்டிப் போய் சரோஜம்மாவிடம் நின்றார், "அண்ணனுக்கு எப்பலேர்ந்தும்மா இப்படி?" என்று ரகசியமாகக் கேட்டார். இன்னொருவர் வந்து, "டீ குடிப்பாரா? சக்கர போடாம குடுக்கலாமா?" என்று அதே சரோஜம்மாவைக் கேட்டார். மூன்றாமவர் ஏதோ லேகியம் சொன்னார். கொர்னேலியஸ் நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான் இங்கேதானே இருக்கிறேன், எனக்கு வாய் இருக்கிறதே என்று அவருக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. நெஞ்சு அப்படி வலித்தது. அந்த வலி புதிதாக இருந்தது அவருக்கு. வேறு யாருக்கோ ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்த வலி அது என்று உடனே புரிந்துவிடவில்லை. வீடு போகும் வழியில், பாலகாட் மேட்டில் ஏறும்போதுதான் புரிந்தது. சரோஜம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தார். இவர் பின்னாலேயே போனார்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. வியாழக்கிழமை கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஜோஸ் குனிந்து தாலி கட்டினான். லவினா அவன் முடியைச் சரிசெய்துவிட்டாள்.

மண்டபத்தில் எல்லாரும் பிரியாணியில் மும்முரமாக இருக்கையில் கொர்னேலியஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மணப்பெண்ணுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். ஜோஸைப் பார்க்கவில்லை. அம்மாவைத் தேடவில்லை. கண்ணோடு கண்ணாகப் பார்ப்பது அவருக்கு லேசாக இல்லை, ஆனாலும் பார்த்தார்.

"லவினா."

"சொல்லுங்க அங்கிள்."

"டாக்டர்கிட்ட போகலாம்னு கீறேன். அத இன்னான்னு சொல்றது?"

அவள் குரலை இறக்கவில்லை. "உடலுறவு முடியலன்னு சொல்லுங்க. சக்கர இருக்கறவங்களுக்கு வர்றதுதான். வைத்தியம் இருக்குது."

கொர்னேலியஸ் முதலில் உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். பிறகு முழு வாக்கியத்தையும், டைம் ஆபீஸில் ஷிஃப்டுக்குப் பெயர் கூப்பிட்ட அதே குரலில், தெளிவாகச் சொல்லிப் பார்த்தார். பக்கத்துப் பந்தியில் கமிட்டிப் பெரியவர் ஒருவரின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. "எந்த டாக்டர்?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். சத்தமாகத்தான் கேட்டார். எனக்கு அந்த நிமிஷத்தில் அவர்கள் இருவர்மேலும் அன்பே வந்துவிட்டது.

கோவிந்தன் அடுத்த வாரம் வந்தார். இந்த முறை அவருக்கு இடத்தின் பெயரைச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

என்ன, சிரிக்கிறீர்களா? நல்லது. நான் அந்த வகை அல்ல, மாற்றுத்திறனாளி என்று சரியான வார்த்தைதான் சொல்கிறேன், நாற்காலியில் இருப்பவரிடமே நேராகப் பேசுகிறேன், எனக்கு எதிலும் கூச்சமில்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஒன்று மட்டும் செய்யுங்கள். இன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது, டீவியை அணைத்துவிட்டு, இதை முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் குரல் இறங்குகிறது, எந்த இடத்தில் ஒரு பத்தியைத் தாண்டிப் போகிறீர்கள் என்று நீங்கள் கவனிக்க வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கவனிப்பார்கள்.